தட்டினா விடுவினமோ?

மாமி,

இன்று காலை என்னுடைய கையுறைகளை வெயிலில் போட்டேன். முற்றத்துக் கொடியில் ஒரு பக்கம் உங்கள் மகன் அன்ரனின் சாரம், மற்றப் பக்கம் இவை. வெயில் ஏற ஏற அந்த மணமும் எழும்பியது. பழைய தோலும் வியர்வையும் நோவெண்ணெயும் சேர்ந்து புளித்த மணம், குசினி யன்னல் வரைக்கும் வந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்திருப்பீர்கள்.

கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த புதிதில், இதே கொடியில்தான் முதன்முதலாக இவற்றைத் தொங்கவிட்டேன். நீங்கள் பாயில் பரப்பியிருந்த கருவாட்டைப் பிரட்டிக்கொண்டிருந்தீர்கள். கொஞ்ச நேரம் காற்று வந்த பக்கம் பார்த்தீர்கள். பிறகு கொடியைப் பார்த்தீர்கள்.

"என்ன பிள்ளை உது?"

கையுறை என்றும், வெயில் படாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும் என்றும் சொன்னேன்.

"கருவாடு காயுற வளவில நாறுது எண்டு நான் மூக்கைப் பொத்தின முதல் சாமான் உதுதான்."

சிரிப்பதா, கழற்றி எடுப்பதா என்று தெரியாமல் நின்றேன். உங்கள் முகத்தில் சிரிப்பு இல்லை. பின்னேரம் நீங்கள் அடுப்படியில் தனியே இருந்து சிரித்ததைக் கண்டதாக அன்ரன் வந்து சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த நாள்களில் நான் உங்களுக்கு எவ்வளவு புதினமான மருமகளாக இருந்திருப்பேன் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். விசுவமடுவில் கச்சான் கடலையும் மிளகாயும் பயிரிட்ட குடும்பம் எங்களுடையது. அப்பாவின் தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். எங்கள் வீட்டில் 'ஆமா' என்போம். உங்கள் வீட்டில் 'ஓம்' என்பீர்கள். நாங்கள் சைவம், நீங்கள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். எங்கள் தோட்டத்துத் தண்ணீர் மோட்டரைத் திருத்த வந்த அன்ரன், திருத்தி முடித்த பிறகும் ஏதோ சத்தம் கேட்கிறது என்று சொல்லித் திரும்பத் திரும்ப வந்தார். படகு எஞ்சின் திருத்துகிறவருக்குத் தோட்டத்து மோட்டரில் அத்தனை அக்கறை ஏன் என்று அம்மாதான் முதலில் கண்டுபிடித்தா.

இதையெல்லாம் விடப் பெரிய புதினம் என் தொழில். பள்ளிக்கூடத்தில் குத்துச்சண்டை பழகி, மாகாணப் போட்டிகளுக்குப் போய், பிறகு கொழும்பில் ஒரு ஜிம்மில் சேர்ந்து, கடைசியில் எம்.எம்.ஏ. சண்டைக்காரியாகிவிட்டேன். குத்தலாம், உதைக்கலாம், தூக்கி விழுத்தலாம், விழுத்திய பிறகு கையையோ கழுத்தையோ பூட்டலாம். எல்லாம் ஒரு கம்பிக் கூட்டுக்குள். அதில்தான் என் சீவியம். உங்கள் சொந்தக்காரர் கலியாணப் பேச்சில் முணுமுணுத்தார்களாம்: பெண் மலைநாட்டு வழி, சைவம், அதற்கு மேல் சண்டைக்காரி என்று. நீங்கள் சொன்ன மறுமொழியை அன்ரன் பிறகு எனக்குச் சொன்னார்.

"முதல் ரெண்டும் எனக்குக் காரியமில்லை. மூண்டாவதுதான்."

அந்த மூன்றாவதைப் பற்றி நீங்கள் பல மாதம் வாயே திறக்கவில்லை. நான் விடியப்புறம் எழும்பிக் கடற்கரையில் ஓடுவேன். நீங்கள் வாசலில் நின்று பார்ப்பீர்கள். கொழும்புக்குப் பயிற்சிக்குப் போய் வரும்போது முகத்தில் ஏதாவது கன்றியிருந்தால், ஒன்றும் கேட்காமல் மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்து வைப்பீர்கள். நான் பூசுகிறேனா என்று பார்க்கவும் நிற்கமாட்டீர்கள்.

பிறகு ஒருநாள் கரையில் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தோம். நீங்கள் கழற்றும் வேகத்துக்கு என்னால் பக்கத்திலும் வர முடியாது. செவுள் சிக்கிய ஒரு சூடை மீனோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம், என் பக்கம் பார்க்காமலே கேட்டீர்கள்.

"அந்தக் கூட்டுக்குள்ள ஒருத்தி உன்ர கையை முறிக்கப் பார்த்தா என்ன செய்வாய்?"

"தட்டுவன் மாமி. அவவின்ர உடம்பிலயோ நிலத்திலயோ தட்டினாக் காணும். போதும் எண்டு அர்த்தம்."

"தட்டினா விடுவினமோ?"

"ஓம். உடன விடோணும். நடுவர் பக்கத்திலயே நிக்கிறார். விடாட்டி அவர் இழுத்து எடுப்பார்."

"தட்டக் கை எழும்பாட்டி?"

"வாயால சொன்னாலும் விடுவினம். மயங்கினாலும் நடுவர் நிப்பாட்டுவார்."

நீங்கள் மீன் கழற்றுவதை நிறுத்திவிட்டீர்கள். சுனாமியன்று நீங்கள் கையில் பிடித்திருந்த இளைய மகளைக் கடல் எடுத்துப் போனது அதே கரையில்தான். அதற்குச் சில வருடங்களின் பின்னர், யுத்தத்தின் கடைசிக் காலத்தில், மாமாவையும் இதே கடலோரத்தில் எங்கேயோ விட்டுவிட்டு வந்தீர்கள். அப்போது நானும் அந்தச் சனத்துக்குள் ஒரு பிள்ளையாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். ஒருவரை ஒருவர் தெரியாமல் ஒரே மணலில் நடந்திருப்போம்.

"கடலிட்டயும் கத்தினனான். மனுசரிட்டயும் கத்தினனான். ஒருத்தரும் விடேல்லை," என்றீர்கள். கொஞ்சம் பொறுத்து, "தட்டினா விடுவினமெண்டா, போ. ஆனா நோகத் தொடங்கினாத் தட்டிப்போடோணும். ரோசம் பாக்கக் கூடாது," என்றீர்கள். அதோடு என் கையிலிருந்த சூடையை வாங்கி, ஒரே இழுவையில் கழற்றிப் பெட்டிக்குள் போட்டீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் என் பக்கம் வந்துவிட்டீர்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை, "மருமகள் அடிபாட்டுக்குப் போயிட்டாவோ?" என்று கேட்டபோது உங்களுக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஞாபகம். அடிபாடு என்றால் இந்த ஊரில் யுத்தம் என்று உங்களுக்கும் அவவுக்கும் தெரியும். "அது அடிபாடில்லை. நடுவர் நிக்கிற விளையாட்டு," என்று சொல்லி அனுப்பினீர்கள். எனக்குக் கோச் சொல்லித் தந்த எந்த விளக்கத்தையும் விட அது சரியாக இருந்தது.

போட்டிக்கு முன் நிறை குறைக்கும் நாள்கள்தான் உங்களுக்குப் பெரிய கரைச்சல். உப்பில்லாத மீன், உறைப்பில்லாத மரக்கறி, தேங்காய்ப்பாலே கிடையாது. இதை ஆஸ்பத்திரியிலும் கொடுக்கமாட்டார்கள் என்று பேசிப் பேசித்தான் சமைத்தீர்கள். ஆனால் எனக்கு அவித்ததையே நீங்களும் கோப்பையில் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்து சாப்பிட்டீர்கள். உங்களுக்கு வேறு கறி வைக்கலாமே என்றதற்கு, ஒரு வீட்டில் இரண்டு உலை வைக்கிற பழக்கம் உங்களுக்கு இல்லை என்றீர்கள். அன்ரன் மட்டும் சந்திக் கடையில் கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்து வாயைத் துடைத்துக்கொண்டு நிற்பார். நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பார்க்கிற பார்வையில் அவர் வெளியே போய்விடுவார்.

சண்டையை நீங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. வீட்டில் போனைச் சுற்றி ஆட்கள் கூடினால் நீங்கள் எழும்பிக் கோயிலுக்குப் போய்விடுவீர்கள். முடிந்ததும் அன்ரன் சைக்கிளில் வந்து, "அம்மா, முடிஞ்சுது. ஆள் சுகம்," என்று சொல்ல வேண்டும். வென்றேனா தோற்றேனா என்பதை அதற்குப் பிறகு, வழியில் வரும்போதுதான் கேட்பீர்களாம். கொழும்பில் தொடர்ந்து வென்றுகொண்டிருந்த காலத்திலும் அதே ஒழுங்குதான். ஆள் சுகம் என்பது முதலில் வர வேண்டும்.

மலேசியாவில் நடந்த அந்தச் சண்டைக்கு வருகிறேன். வென்றால் பெரிய நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் தரும் என்று கோச் சொல்லியிருந்தார். அதற்காகவே ஒரு வருடம் உழைத்தேன். முதல் சுற்று என்னுடையது. இரண்டாவது சுற்றிலும் நான்தான் முன்னால் நின்றேன். அவளை விழுத்தி மேலே ஏறியும்விட்டேன். எந்த இடத்தில் கையை விட்டேனோ தெரியவில்லை. அவளுடைய கால்கள் என் நெஞ்சுக்குக் குறுக்கே வந்தன. என் இடது கை அவளுடைய தொடைகளுக்கு நடுவே நீட்டி நின்றது. அவள் இடுப்பைத் தூக்கினாள்.

மாமி, அந்த நேரத்தில் ஆட்கள் எதையெல்லாமோ நினைப்பார்கள் என்று சொல்வார்கள். எனக்கு வந்தது ஒன்றுதான். முழங்கைக்குள் ஒரு நார் 'இனித் தாங்கமாட்டேன்' என்கிற மாதிரி இழுபட்டது. கோச் வெளியில் நின்று பொறு, பொறு என்று கத்துகிறார். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் மணி அடித்துவிடும். ஒப்பந்தம் அங்கே நிற்கிறது. என் வலது கை எழும்பி அவளுடைய காலில் தட்டிவிட்டது. தட்டிய கையோடு விட்டாள். உடனே விட்டாள், மாமி. விட்டுவிட்டு எழும்பி வந்து, மன்னிப்புக் கேட்கிறவள் மாதிரி என் முழங்கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் வந்து சேர முதலே கதை ஊருக்கு வந்துவிட்டது. போனில் யார் யாரோ எழுதியிருந்தார்கள். வெல்ல வேண்டிய சண்டையைக் கைவிட்டவள் என்றார்கள். வன்னியில் பிறந்தவள் தட்டலாமா என்றார்கள். விமான நிலையத்திலிருந்து வருகிற வழியெல்லாம் அதை வாசித்து வாசித்து, முல்லைத்தீவுக்கு வராமல் விசுவமடுவில் அம்மா வீட்டில் இறங்கிவிடலாமா என்று யோசித்தேன். அன்ரன் போனைப் பறித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

நீங்கள் படலையடியில் நின்றீர்கள். வா என்றுகூடச் சொல்லவில்லை.

"கையைக் காட்டு."

காட்டினேன்.

"மடக்கு."

மடக்கினேன்.

"நீட்டு."

நீட்டினேன். முழுதாக நீளவில்லை. கொஞ்சம் வளைந்து நின்றது.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான் மாமி. எலும்பு முறியேல்லை. நார் இழுபட்டிருக்காம்."

"காணும். இது போதும்," என்றீர்கள். அப்போதுதான் உங்கள் தோள் இறங்கியது. நான் அழுதேன். சந்தோசம் என்று சொல்ல முடியாது. துக்கம் என்றும் சொல்ல முடியாது. ஒரு வருடம் தூக்கிக்கொண்டு திரிந்த பாரத்தை யாரோ வாங்கி இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நீங்கள் என் கையைப் பிடித்தபடியே குசினிக்குள் கூட்டிப்போய், உப்பும் புளியும் உறைப்பும் போட்ட மீன் குழம்பை விட்டுச் சோறு தந்தீர்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வரும்போது கோயில் வளவில் ஒருவர் நின்றார். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர். என்னை மறித்து, நல்ல மனிதர் மாதிரித்தான் கதைத்தார். "தங்கச்சி, எங்கட ஆக்கள் எல்லாரும் அங்க இருந்து பாத்தவை. கை உடைஞ்சாலும் நீங்கள் தட்டியிருக்கக் கூடாது," என்றார். பக்கத்தில் நின்ற நீங்கள் குரலை உயர்த்தாமல் கேட்டீர்கள்.

"தம்பி, உடையிறது ஆரின்ர கை?"

அவர் கோபிக்கவில்லை. நிலத்தைப் பார்த்தபடி மன்னிக்கச் சொல்லிப் போனார். அன்றைக்குப் பிறகு இந்தக் கரையில் அதைப் பற்றி என்னிடம் எவரும் கேட்டதில்லை. கை ஆறியதும் நான் திரும்பக் கூட்டுக்குள் போனேன், சில சண்டைகள் வென்றேன், சிலது தோற்றேன். பெரிய நிறுவனம் பிறகு வரவேயில்லை. அதற்காக நான் ஒரு நாளும் நித்திரை முழித்ததில்லை.

உங்களுக்கு நோய் வந்த வருடத்தை நான் அதிகம் எழுதப் போவதில்லை. வவுனியா ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்வந்த பஸ் பயணங்களில் நீங்கள்தான் எனக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தீர்கள். வார்டில் தாதி ஒருத்தி என்னைக் காட்டி, மருமகளா என்று கேட்டா. நீங்கள், "மகள்," என்றீர்கள். பிறகு அவவின் பார்வை என் காதுக்குப் போனதைக் கண்டு, "பயப்பிடாதேங்கோ, நல்ல பிள்ளை," என்றீர்கள். நிலத்தில் உரசி உரசித் தடித்துப்போன என் காதைத்தான் அவ பார்த்திருந்தா. அந்தத் தாதி வார்டு முழுக்கக் கேட்கச் சிரித்தா.

டொக்டர் கடைசியாக இன்னொரு மருந்தைச் சொன்னார். அது நோயைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், ஆனால் உடம்பை நன்றாக வருத்தும் என்றார். அன்ரனும் நானும் வேண்டும் என்றோம். டொக்டர் போன பிறகு நான் உங்கள் கட்டிலில் இருந்து, எப்படியாவது தாங்குவோம் மாமி என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் என் மணிக்கட்டில் தட்டினீர்கள். வலிமையே இல்லாத விரல்கள். ஆனால் அது என்னவென்று எனக்குத் தெரியும்.

"போதும் பிள்ளை. வீட்ட போவம்."

அன்ரன் கனநேரம் ஒத்துக்கொள்ளவில்லை. தாயை விடச் சொல்லி ஒரு மகனிடம் எப்படிச் சொல்வது? அம்மா தட்டிவிட்டா என்று மட்டும் சொன்னேன். அவர் நடைபாதையில் போய் நின்று அழுதுவிட்டு வந்து, டொக்டரோடு கதைத்தார். நாங்கள் உங்களை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கடல் சத்தம் கேட்கிற அறையில் நோவுக்கு மருந்தோடு, கொஞ்சம் கஞ்சியோடு, உங்களுக்குப் பிடித்தவர்கள் வந்து போக, நீங்கள் நிம்மதியாக இருந்தீர்கள். எவரும் உங்களைப் பிடித்து வைத்திருக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறுதல்தான்.

அந்த அறையில் ஒரு பின்னேரம் என்னிடம், சண்டையை எப்போது விடப்போகிறாய் என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். அதற்கு மேல் நீங்கள் நெருக்கவில்லை.

"நீயா நடந்து வெளியில வரோணும். ஆக்கள் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. அவ்வளவுதான்."

நீங்கள் போன பிறகு கொழும்பில் ஒரு சண்டை பிடித்தேன். மூன்று சுற்றும் போய், நடுவர்களின் புள்ளியில் வென்றேன். கையைத் தூக்கிவிட்டார்கள், படம் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் தலையிடி தொடங்கியது. முதலில் வெயில் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் குசினியில் கறியைக் கிளறுவதற்கு ஒரு சாமான் தேவைப்பட்டது. அது சுவரில் தொங்குகிறது, கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அதன் பெயர் வரவில்லை. அன்ரனைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொல்ல வாயைத் திறந்தேன்; எதை எடுத்துத் தரச் சொல்வது? கறி அடிப்பிடித்துக் கருகுகிற மணம் வந்த பிறகுதான் அகப்பை என்ற சொல் வந்தது.

அதை நான் அன்ரனுக்குச் சொல்லவில்லை என்று நினைக்காதேங்கோ. அன்றைக்கே சொன்னேன். அவர் தான் கழற்றிக்கொண்டிருந்த எஞ்சினை அப்படியே விட்டுவிட்டு, கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார். என்னோடு பயிற்சி எடுத்த பெடியன் ஒருவன், வயது முப்பத்தைந்தும் ஆகாதவன், தலையில் வாங்கிய அடிகளால் வந்த கை நடுக்கத்தோடு தேத்தண்ணி குடிப்பதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்திருந்தோம்.

கொழும்பில் ஸ்கான் எடுத்தார்கள். அந்தக் குழாய்க்குள் படுத்திருந்தபோது, எந்தக் கூட்டுக்குள்ளும் வராத பயம் எனக்கு வந்தது. அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பிறகு வெளியில் கதிரையில் இருந்து காத்திருந்தோம். அன்ரன் உங்கள் செபமாலையைக் கொண்டுவந்திருந்தார். அதை உருட்டத் தெரியாமல் நானும் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டொக்டர் படங்களை வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். கசிவு இல்லை, தழும்பு இல்லை. கழுத்துத் தசையின் இறுக்கத்தால் வருகிற தலையிடி என்றார். சொல் மறந்தது அந்த அடிகளின் களைப்பாக இருக்கலாம், ஓய்வெடுத்தால் சரிவரும் என்றார். இனியும் அடி வாங்கினால் அடுத்த முறை இதே மறுமொழியைச் சொல்லுவேன் என்று நினைக்காதேங்கோ என்றும் சொன்னார். விடு என்று அவர் சொல்லவில்லை. அதை என்னிடமே விட்டார்.

திரும்பி வரும்போது ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட பஸ் நின்றுவிட்டது. வெயில் சாய்ந்துகொண்டிருந்த நேரம். றோட்டுக்குக் குறுக்கே யானைகள். பெரியது ஒன்று நடு றோட்டில் நின்று, குட்டிகள் கடக்கும் வரை எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. டிரைவர் எஞ்சினை நிப்பாட்டிவிட்டார். பஸ்ஸுக்குள் எவரும் கதைக்கவில்லை. எனக்கு அந்த அமைதிக்குள் தலைக்குள்ளும் அமைதியாக இருப்பது தெரிந்தது. இடி இல்லை. அடுத்த எதிராளி இல்லை. நிறை குறைக்க வேண்டிய கிழமை இல்லை.

"நான் விடுறன்," என்றேன்.

அன்ரன் யானையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசிச் சண்டையில வெண்டதால சொல்லுறீரோ, பயத்தில சொல்லுறீரோ?"

"ரெண்டுமில்லை. எனக்குக் காணும்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் புறங்கையால் கண்ணைத் துடைத்ததைக் கண்டேன். யானைகள் காட்டுக்குள் இறங்கின. பஸ் வெளிக்கிட்டதும், எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள், பயந்தவர்கள் பயம் தெளிந்தால் கதைக்கிற மாதிரி. நானும் பக்கத்துச் சீற்றில் இருந்த முன்பின் தெரியாத அம்மாவோடு தண்ணீரூற்று வரைக்கும் கதைத்துக்கொண்டே வந்தேன்.

கையுறைகளை வவுனியாவில் பழகுகிற ஒரு பிள்ளைக்குக் கொடுக்கப்போகிறேன். அதற்காகத்தான் இன்றைக்கு வெயிலில் போட்டேன். எனக்கு மாவட்ட விளையாட்டுப் பகுதியில் பெண் பிள்ளைகளைப் பழக்குகிற வேலை கிடைத்திருக்கிறது. வாற மாதம் தொடங்க வேண்டும். தலையிடி விட்டுப்போய்விட்டது. சொற்கள் எல்லாம் தங்கள் தங்கள் இடத்தில் இருக்கின்றன. நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறேன். காலைமை பிந்தித்தான் எழும்புகிறேன். அதற்கு நீங்கள் ஏசமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இடது முழங்கை மட்டும் இன்னும் முழுதாக நீளாது. மழைக்கு முதல் அதற்குள் மெல்லிய நோவு ஒன்று வரும். வானத்தில் ஒரு முகிலும் இல்லாத நேரத்தில் நான் அன்ரனுக்குச் சொல்லுவேன். முதல் முறை நம்பாமல் இருந்து, நனைந்து போனார். இப்போது ஒன்றும் கேட்பதில்லை. முற்றத்தில் கழற்றி வைத்திருக்கிற படகு எஞ்சினின் ஒரு பக்கத்தைப் பிடிக்கிறார், மற்றப் பக்கத்தை நான் பிடிக்கிறேன். மழை வர முதல் இரண்டு பேருமாக அதை உள்ளே கொண்டுபோய் வைக்கிறோம். பாரமான பக்கம் என்னுடையது, மாமி. கை தாங்குகிறது.